அத்தையின் மணிக்கட்டில் நூற்று இருபத்தேழு

கண்ணாடிக் கடையின் பின்னறையில் லென்ஸ் தேய்ப்பவளுக்கு மனிதர்களின் முகம் தெரியாது. மூக்கு தெரியும், காது தெரியும், இரண்டு கண்மணிகளுக்கு நடுவே எத்தனை மில்லிமீட்டர் என்று தெரியும். அதற்குமேல் ஒருவரைப் பற்றித் தெரிந்துகொள்ள என்ன இருக்கிறது என்று அவளே சில சமயம் யோசிப்பதுண்டு.

பதினோரு வருட வேலையில் அவள் ஒன்றைக் கற்றுக்கொண்டிருந்தாள்: உலகத்தில் எந்தக் கோளாறு நடந்தாலும் பழி விழுவதற்குப் பக்கத்தில் ஒரு பொருள் வேண்டும், அதற்குப் புதுக் கண்ணாடியைப் போல வசதியானது வேறில்லை. புதுக் கண்ணாடி போட்டதிலிருந்து தலைவலி என்று வருவார்கள், சரி, நியாயம். புதுக் கண்ணாடி போட்டதிலிருந்து பால் தினமும் பொங்கி வழிகிறது என்று ஒரு அம்மாள் வந்தார். புதுக் கண்ணாடி போட்ட வாரத்திலேயே மருமகனுக்கு வேலை போய்விட்டது என்று ஒரு பெரியவர், ஃபிரேமைப் பிணத்தைத் தொடுவதுபோல் இரண்டு விரலால் பிடித்துக்கொண்டு வந்தார். அவள் யாரிடமும் வாதாட மாட்டாள். லென்ஸை வாங்கி, அளவு பார்க்கும் கருவியில் பொருத்தி, ஒற்றைக் கண்ணால் பார்ப்பாள். தப்பு தன் பக்கம் இருந்தால் மறுபடி தேய்த்துக் கொடுப்பாள். இல்லையென்றால் எண்களைச் சீட்டில் எழுதிக் கொடுப்பாள். அளந்து பார்க்காமல் ஒப்புக்கொள்வதும் கிடையாது, மறுப்பதும் கிடையாது.

கடையில் அவளுக்கு ஒரு பெயர் உண்டு. இங்கே அது வேண்டாம். புதன், சனி மாலை ஆறரை மணிக்கு அவளுக்கு இருக்கும் பெயரே போதும்: பஞ்சு.

அது ஒரு வீடியோ கேமில் அவளுக்குக் கிடைத்த பெயர். நான்கு பேர் ஓர் அணி. இடிந்த நகரம் ஒன்றில் புகுந்து எதிரணியை விரட்ட வேண்டும். மற்ற மூவரும் சுடுவார்கள், பஞ்சு சுடமாட்டாள். சுடப்பட்டு விழுந்தவர்களிடம் ஊர்ந்துபோய் மருந்து போட்டு எழுப்பிவிடுவாள். அதனால்தான் பஞ்சு. அணியில் ஒருவன் வளைவு, திருப்பம் எதுவும் பார்க்காமல் நேரே போய் மோதிச் சாவான். அவன் பெயர் லாரி. ஒருவர் எல்லோருக்கும் பாடம் நடத்துவார், அவர் வாத்தி. நான்காமவர் பேசவே மாட்டார். அவருக்கு மைக் இல்லையா, மனமில்லையா என்று மூன்று வருடமாக யாருக்கும் தெரியாது.

அணிக்கு ஒரே ஒரு சட்டம்: சொந்தக் கதை பேசக்கூடாது. ஒருமுறை லாரி தன் வாடகை வீட்டின் சொந்தக்காரரைப் பற்றிப் புலம்ப ஆரம்பித்து, பஞ்சுவும் வாத்தியும் ஆறுதல் சொல்லி முடிப்பதற்குள் எதிரணி வந்து நால்வரையும் துடைத்துப் போட்டுவிட்டது. அன்று முதல் வாத்தி தடை போட்டார். பஞ்சுவுக்குத் திருமணமானதுகூட அவர்களுக்குத் தெரியாது. அவள் கர்ப்பமாக இருப்பது எப்படித் தெரியும்?

ஆறு வாரம். வீட்டில் இரண்டு பேருக்குத் தெரியும்: கணவனுக்கும், கணவனின் அம்மாவுக்கும். வெளியே சொல்லவில்லை. சொல்லாததற்குக் காரணம் சென்ற வருடம்.

சென்ற வருடமும் இப்படித்தான் ஆரம்பித்தது. ஒன்பதாவது வாரம், ஒரு சனிக்கிழமை, போட்டியின் இறுதி ஆட்டம். மூவரும் விழுந்து கிடக்க, பஞ்சு குண்டு மழைக்குள் ஊர்ந்து ஒவ்வொருவராக எழுப்பினாள். லாரி எழுந்து, அதிசயமாக எதிலும் மோதாமல், ஜெயித்துக் கொடுத்தான். பஞ்சு நாற்காலியிலிருந்து துள்ளிக் குதித்துக் கத்தினாள். அப்படியொரு குதி. செவ்வாய்க்கிழமை ஸ்கேன். திரையில் ஒரு சின்ன உருவம் இருந்தது. துடிப்பு இல்லை. டாக்டர் மெதுவாக நிறையச் சொன்னார். ஒன்றும் அவள் தலையில் ஏறவில்லை. சனிக்கும் செவ்வாய்க்கும் நடுவே மூன்று நாள் என்பது மட்டும் ஏறி உட்கார்ந்துகொண்டது. இறங்கவேயில்லை.

ஊரார் கண்ணாடியையெல்லாம் அளந்து பார்த்துத் தீர்ப்புச் சொன்னவள், தன் வழக்கில் மட்டும் அளக்காமலே தண்டனை எழுதிவிட்டாள். யாரிடமும் சொல்லவில்லை. ஏழு மாதம் கேமைத் தொடவில்லை. பிறகு தொட்டாள். தொட்டால்தான் தலைக்குள் ஓடிக்கொண்டிருந்த ஏதோ ஒன்று அரைமணி நேரம் நின்றது. விழுந்தவர்கள் எழுந்திருக்கும் இடம் அவளுக்கு அது ஒன்றுதான் தெரியும்.

கணவன் லிஃப்ட் பழுது பார்ப்பவன். பன்னிரண்டு மாடிக் கட்டடத்தின் உச்சியில், கம்பிக் கயிறுகளுக்கு நடுவே நின்று விசிலடிப்பவன். ஆனால் சோதனை அட்டையில் கையெழுத்துப் போடாமல் எதையும் விடமாட்டான். இந்த முறை மனைவியையும் அவன் அப்படியே பராமரிப்புக்கு எடுத்துக்கொண்டான். அவளுடைய மணிக்கட்டில் நாடி எண்ணும் பட்டை ஒன்றைக் கட்டினான். அது எண்ணுவது அவன் போனில் தெரியும். நூற்றுப் பத்தைத் தாண்டக்கூடாது என்றான்.

"நூத்திப்பத்துன்னு யார் சொன்னது?" என்று பஞ்சு கேட்டாள்.

"நான்தான். எதுக்கும் ஒரு லிமிட் வேணும்ல?"

"என்னை என்ன எட்டு பேர் ஏறுற லிஃப்ட்டுன்னு நெனச்சியா?"

"எட்டு பேர் இல்ல. ரெண்டு பேர்" என்றான். பதிலுக்குப் பதில் வைத்திருப்பவனோடு என்ன செய்வது?

அத்தை எதிரில் அவள் அவனை 'நீங்க' என்பாள். கதவைச் சாத்தினால் 'நீ'. இந்த ஏற்பாடு அத்தைக்கும் தெரியும். தனக்குத் தெரியும் என்பது மற்ற இருவருக்கும் தெரியாது என்று அத்தை பாவித்துக்கொண்டிருந்தார். குடும்பம் என்பது இப்படிப்பட்ட நாலைந்து பாவனைகளை வேளாவேளைக்கு எண்ணெய் போட்டு ஓட்டுவதுதானே.

அத்தை தொலைபேசி நிலையத்தில் முப்பது வருடம் இணைப்புக் கொடுத்தவர். காதில் மாட்டி, வாய்க்கு நேரே நீட்டிய கருவியோடு, எதிரே பலகையில் பிளக் குத்திக் குத்தியே ஓய்வு பெற்றவர். எதைச் சொன்னாலும் "லைன்ல இருங்க" என்பதுபோல் ஒரு நிதானம். ஒரே ஒரு விஷயத்தில்தான் பிடிவாதம்: ஸ்டூல். சமையலறை மூலையில் இரண்டடி உயர மர ஸ்டூல் ஒன்று இருந்தது. அதன்மேல் யாரும் ஏறக்கூடாது. தண்ணீர்க் குடம் வைக்கலாம், பழைய பேப்பர் வைக்கலாம், ஏறக்கூடாது. பன்னிரண்டு மாடி உயரத்தில் தொங்கும் மகன், வீட்டில் பல்பு மாற்ற அந்த ஸ்டூலை இழுத்தால் அத்தை ஓடிவந்து பிடுங்குவார். ஏன் என்று கேட்டால், "கால் ஆடுது" என்பார். அது ஆடவில்லை. மகன் அதைப் பலமுறை தட்டிப் பார்த்திருக்கிறான். அவன் தொழிலே அது.

பட்டை கட்டிய முதல் புதன்கிழமை, பஞ்சு அதைக் கழற்றி மேசைமேல் வைத்துவிட்டு ஆட உட்கார்ந்தாள். நான்காவது நிமிடம் போன்.

"என்ன ஆச்சு? ஒண்ணுமே காட்டல!"

"குளிக்கப் போறேன்."

"அது தண்ணியில நனையலாம். டப்பாவுலயே எழுதியிருக்கு."

சனிக்கிழமை அவள் யோசித்துப் பார்த்தாள். பட்டைக்கு வேண்டியது அவளல்ல, ஒரு மணிக்கட்டு. கூடத்தில் ஒரு மணிக்கட்டு சும்மாதான் இருந்தது. அவன் மாலை ஷிப்ட்டில் இருந்தான். அத்தை சீரியலுக்கு முன்னால் கால் நீட்டி உட்கார்ந்திருந்தார்.

"அத்தை, இது கையில அரிக்குது. கொஞ்ச நேரம் நீங்க போட்டுக்கறீங்களா?"

அத்தை அவளைப் பார்த்தார். அவள் கழுத்தில் தொங்கிய ஹெட்செட்டைப் பார்த்தார். கையை நீட்டினார்.

பஞ்சு படுக்கையறைக் கதவைச் சாத்திக்கொண்டாள். அவள் கணக்கு எளிமையானது: அத்தை அசையாமல் உட்கார்ந்திருப்பவர், எழுபதைத் தாண்டமாட்டார். அந்தக் கணக்கில் அவள் சீரியலைச் சேர்க்கவில்லை. அன்றைய பகுதியில் மூத்த மருமகள் மாடிப்படியில் எண்ணெயைக் கொட்டிவிட்டு ஒளிந்துகொண்டிருந்தாள். இளைய மருமகள் மேலிருந்து ஒவ்வொரு படியாக, படி ஒன்றுக்கு ஒரு விளம்பரம் வீதம், இறங்கிக்கொண்டிருந்தாள். அவளும் பிள்ளைத்தாய்ச்சி.

அங்கே ஏதோ ஒரு கட்டடத்தின் ஐந்தாம் மாடியில், லிஃப்ட் கதவுக்குள் பாதி உடம்பை நுழைத்திருந்தவனின் போனில் எண் ஏறியது. தொண்ணூற்றெட்டு. நூற்றுப் பதினைந்து. நூற்று இருபத்தேழு.

அவன் லிஃப்ட்டை அப்படியே நிறுத்தி, 'இயங்காது' என்ற பலகையை மாட்டி, படியிறங்கி ஓடி, பத்தே நிமிடத்தில் வீட்டுக் கதவைத் திறந்தான். கூடத்தில் அவன் அம்மா சோபா விளிம்பில் உட்கார்ந்து, பட்டை கட்டிய கையால் வாயைப் பொத்திக்கொண்டு, "போகாதடி, போகாதடி" என்று டிவியிடம் கெஞ்சிக்கொண்டிருந்தார்.

"அம்மா! உன் கையில ஏன் இது?"

"சும்மா இருடா, கடைசிப் படி" என்றார் அத்தை.

அவன் படுக்கையறைக் கதவைத் தள்ளினான். பஞ்சு கன்ட்ரோலரும் கையுமாகத் திரும்பினாள். திரையில் லாரி வழக்கம்போல் விழுந்து கிடந்தான்.

சண்டை போட்டிருந்தால் பரவாயில்லை. அவன் மூச்சு வாங்கிக்கொண்டு கதவோரம் சாய்ந்தான். கையெல்லாம் கிரீஸ். "உனக்கு ஏதோ ஆயிடுச்சுன்னு நெனச்சேன்" என்றான். அப்புறம் திரையைப் பார்த்தான். பார்த்துக்கொண்டே, குற்றம் சாட்டும் குரலில்கூட இல்லாமல், கேட்டுவிட்டான்:

"போன தடவையும் இதை ஆடிக்கிட்டுத்தான் இருந்தியா?"

ஒன்றே கால் வருடமாக அவள் யாரும் கேட்டுவிடக்கூடாது என்று பயந்த கேள்வி. கேட்டவனுக்கே அது வாயிலிருந்து விழுந்த பிறகுதான் அதன் கனம் தெரிந்தது.

"ஆமா" என்றாள் பஞ்சு. "மூணு நாள் முன்னாடி. ஜெயிச்சோம்னு குதிச்சேன். நீ வீட்ல இல்ல. நல்லா குதிச்சேன். அதனாலதான் அப்படி ஆச்சு. போதுமா? எனக்குத் தெரியும். நீ கேக்கவே வேண்டாம்."

கதவுக்கு வெளியே சீரியல் சத்தம் சட்டென்று நின்றது. அத்தை அங்கே நின்றுகொண்டிருந்தார். மருமகள் தன் எதிரிலேயே மகனை 'நீ' என்றதை அவர் கேட்டதாகக் காட்டிக்கொள்ளவில்லை.

அப்போது ஹெட்செட்டிலிருந்து, கொசு பேசுவதுபோல், வாத்தியின் குரல் வந்தது.

"பஞ்சு... மைக் ஆன்லயே இருக்கும்மா."

பிறகு லாரி. "நான் செத்துட்டேன். அது ஒண்ணும் இல்ல. தினமும் சாகுறவன்தானே. நீங்க அங்க பாருங்க, அக்கா." மூன்று வருடத்தில் அவன் அவளை அக்கா என்றது அதுவே முதல் தடவை. அதற்குப் பிறகு, யாரும் கேட்டிராத ஒரு பெண் குரல், கரகரப்பாக, பேசிப் பழக்கமில்லாததுபோல்: "உடம்பைப் பாத்துக்குங்க."

நான்காமவருக்கு மைக் இருந்திருக்கிறது.

பஞ்சு திரையை அணைத்தாள். கன்ட்ரோலரைக் கொண்டுபோய்ச் சமையலறை ஸ்டூலின்மேல், பழைய பேப்பர்களுக்கு நடுவே வைத்தாள். தொடக்கூடாத பொருள்கள் இரண்டும் ஒரே இடத்தில் இருக்கட்டும் என்று நினைத்தாளோ என்னவோ. அத்தை அதைப் பார்த்தார். எடுக்கவில்லை. வெகுநேரம் பார்த்தார்.

அடுத்த இரண்டு வாரம் அந்த வீட்டில் நாடித்துடிப்பு நன்றாகவே இருந்தது, பேச்சுத்தான் இல்லை. அவன் நாலைந்து முறை "நான் அந்த அர்த்தத்துல கேக்கல" என்று ஆரம்பித்தான். அவள் "தெரியும்" என்று முடித்துவைத்தாள். தெரியும் என்ற சொல்லைவிட நல்ல பூட்டு எந்தக் கடையிலும் கிடையாது. கடையில் அவள் வழக்கத்தைவிட நன்றாக வேலை செய்தாள். ராத்திரி தூக்கம் மட்டும் வரவில்லை. ஆடாமலே இருந்தால் குழந்தை பத்திரமாக இருக்குமா என்று ஒரு மனம் கேட்டது. இருந்துவிட்டால், போன தடவை தப்பு உன்னுடையது என்று ஆகிவிடுமே என்றது இன்னொரு மனம். எப்படிப் பார்த்தாலும் அவள் தோற்கும்படி யாரோ அந்த ஆட்டத்தை அமைத்திருந்தார்கள்.

எட்டு வாரம் மூன்று நாளில் ஸ்கேன். அத்தை தானும் வருவேன் என்று செருப்பு மாட்டிக்கொண்டு முன்னால் நின்றார். ஸ்கேன் எடுக்கும் டாக்டரம்மா குள்ளமாக, குளிர் தாங்காமல் ஸ்வெட்டர் போட்டுக்கொண்டு இருந்தார். போன தடவை பார்த்தவர் வேறொருவர். கணவன் பழைய ஃபைலை வரிசை மாறாமல் பின் குத்தி வைத்திருந்தான், நீட்டினான். அவர் புரட்டிக்கொண்டிருந்தபோது பஞ்சு கூரையைப் பார்த்துப் படுத்திருந்தாள். கேட்க வேண்டியது ஒன்று இருந்தது.

கேட்டது அத்தை.

"டாக்டர், ஒண்ணு கேக்கட்டுமா? மூணாம் மாசத்துல ஒருத்தி ஸ்டூல்மேல ஏறி, மேல இருந்த பெட்டிய எடுத்தா, அதனால கலைஞ்சிடுமா?"

"விழுந்தாங்களா?"

"இல்ல. ஏறினேன், எடுத்தேன், இறங்கினேன். மறுநாள் போயிடுச்சு." மகன் பக்கம் திரும்பாமல் சொன்னார். "இவனுக்கு முன்னாடி. முப்பத்தாறு வருஷம் ஆச்சு."

மகன் திரும்பி அம்மாவைப் பார்த்தான். அந்த ஸ்டூலை எத்தனை முறை தட்டிப் பார்த்திருப்பான்! அதில் ஆடிக்கொண்டிருந்தது எது என்று அவனுக்கு அன்றுதான் தெரிந்தது.

"அதனால இல்லம்மா" என்றார் டாக்டரம்மா. "ஆரம்பத்துல போறது பெரும்பாலும் கரு உருவாகும்போதே வர்ற கோளாறு. நீங்க செஞ்சதாலயும் இல்ல, செய்யாம விட்டதாலயும் இல்ல."

"எனக்கு ஸ்கேன், ரிப்போர்ட் ஒண்ணும் கிடையாதே."

"இல்லாட்டியும் அதைத்தான் சொல்லுவேன்."

அத்தை "ம்" என்றார். முப்பது வருடம் எதிர்முனையின் பதிலுக்குக் காத்திருந்து பழகியவர் சொல்லும் 'ம்'. பிறகு மருமகளின் தோளை ஒரு விரலால் தட்டினார். உன் லைன்.

பஞ்சு கேட்டாள். கேம், குதித்தது, சனி, செவ்வாய், எல்லாவற்றையும் ஒரே மூச்சில் கொட்டினாள். டாக்டரம்மா பழைய ரிப்போர்ட்டைத் தூக்கி அவள் முகத்துக்கு நேரே பிடித்தார்.

"இதை நீங்க படிச்சதே இல்லையா? இங்க பாருங்க. அன்னிக்கு உங்களுக்கு ஒன்பது வாரம் நாலு நாள். குழந்தையோட அளவு ஏழு வாரம் ஒரு நாள். வளர்ச்சி எப்ப நின்னிருக்கு?"

பஞ்சு பார்த்தாள். மில்லிமீட்டரில் எழுதியிருந்தது. அவளுக்குத் தெரிந்த பாஷை. அவள் நாற்காலியிலிருந்து குதித்த அந்தச் சனிக்கிழமைக்கு இரண்டு வாரம் முன்பே எல்லாம் நின்றுவிட்டிருந்தது. சீட்டு ஒன்றே கால் வருடமாக அலமாரியில், பின் குத்தி, இருந்தது.

"அதுக்கு முன்னாடியும் ஆடிக்கிட்டுத்தான் இருந்தேன்" என்றாள், விட்டுக்கொடுக்க மனமில்லாமல்.

"ஆடினா என்ன? ரொம்ப நேரம் ஒரே இடத்துல உக்காராதீங்க. நடுவுல எழுந்து நடங்க, தண்ணி குடிங்க, தூக்கத்தைக் கெடுத்துக்காதீங்க. கண்ணாடிக் கடையில உக்காரறதுக்கும் இதேதான் சொல்லுவேன். கடைய மூடச் சொல்லுவேனா? சரி, இப்ப அசையாம இருங்க."

ஜில்லென்று ஏதோ வயிற்றில் பட்டது. திரையில் சாம்பல் நிற மழை. அதற்குள் ஒரு கரும்புள்ளி. அதற்குள், அரிசிமணி அளவுக்கும் குறைவாக, ஏதோ ஒன்று பரபரவென்று மின்னியது. டாக்டரம்மா பொத்தானை அழுத்தியதும் குதிரை ஓடுவதுபோல் சத்தம் வந்தது.

"நூத்தி அறுபத்தெட்டு" என்றார்.

"நூத்தி அறுபத்தெட்டா!" கணவன் எழுந்தே நின்றுவிட்டான். "அதிகம் இல்லையா டாக்டர்?"

"அதுக்கு அதுதான் சரி. நீங்க உக்காருங்க, உங்களுக்குத்தான் அதிகமாத் தெரியுது."

பஞ்சு சிரித்தாள். சிரிக்கும்போதே கண்ணோரம் நீர் வழிந்து காதுக்குள் போனது. இது முடிவல்ல என்று அவளுக்குத் தெரியும். இன்னும் முப்பது வாரத்துக்குமேல் இருக்கிறது, யாராலும் கையெழுத்துப் போட்டுத் தர முடியாது. ஆனால் இனி எது நடந்தாலும் அதற்கான காரணத்தின் பெயர் பஞ்சு அல்ல.

புதன்கிழமை மாலை ஆறேகாலுக்கு, படுக்கையறையில் நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டிருந்தபோது, தரையில் கரகரவென்று எதுவோ தேயும் சத்தம். அத்தை ஸ்டூலைச் சமையலறையிலிருந்து தள்ளிக்கொண்டு வந்தார். மேலே கன்ட்ரோலர் இருந்தது. அதை எடுத்து மருமகள் கையில் கொடுத்தார். ஸ்டூலை நாற்காலிக்கு முன்னால் போட்டார்.

"காலைத் தூக்கி இதுமேல வச்சுக்கோ. தொங்கப் போட்டா வீங்கும்."

"அத்தை, இதுமேலயா?"

"ஆடாது. நல்ல ஸ்டூல்தான்" என்றார் அத்தை. வாசலில் நின்று திரும்பினார். "அரை மணிக்கு ஒருதரம் எழுந்து நடக்கணும். இல்லன்னா நான் வந்து பிளக்கைப் பிடுங்குவேன். பிடுங்கறது எனக்குப் பழக்கம்."

அன்று பட்டை பஞ்சுவின் கையிலேயே இருந்தது. ஷிப்ட்டில் இருந்தவன் ஏழு மணிக்கு ஒரு செய்தி அனுப்பினான். லாரி மூன்று முறை செத்து, மூன்று முறை எழுப்பப்பட்டிருந்த நேரம் அது. 'ஆடறியா இல்லையா? எண்பத்திரண்டுதான் காட்டுது.'

அவள் அளந்து பார்த்திருந்தால் முதல் நாளே தெரிந்திருக்கும். ஊர்ந்துபோய் மருந்து போடுகிறவளுக்கு எதற்குப் படபடக்கும்? கூடத்தில் அத்தை, நாடி எண்ணப் பட்டை இல்லாத தைரியத்தில், சோபா விளிம்புக்கு வந்திருந்தார். சீரியலில் மாடிப்படி எண்ணெயை இன்னும் யாரும் துடைக்கவில்லை.